பாகம் பிரிக்காத கழனி மனையாகிப் போனது எப்படி

செங்கல்பட்டுக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கிய ஊர். நான்கு தலைமுறையாக ஏர் ஓடிய 4 ஏக்கர் 20 சென்ட் கழனி இன்று தார் ரோடும் மனைக்கல்லுமாகக் கிடக்கிறது. ஏரிப் பாசனம், பொதுக் கிணறு ஒன்று, சம்பாவும் நவரையும் விளைந்த மண். அது கையை விட்டுப் போன ஆறு வருடத்தில் வக்கீல், கமிஷனர், சர்வே, நகல், அலைச்சல் என்று ஏழு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் கரைந்தது. கடைசியில் கிடைத்த விலை, பக்கத்துக் கழனிக்காரர் வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். பணத்தைவிட அதிகமாக உறுத்துவது வேறு. யாரும் அரிவாளோடு வந்து பிடுங்கவில்லை. ஏறக்குறைய எல்லாமே பத்திரத்தோடும் முத்திரைத்தாளோடும்தான் நடந்தது. எங்கள் காகிதத்தில் எந்த இடம் பலவீனமோ அந்த இடத்தில் சரியாக வந்து கை வைத்தார்கள். அந்த இடங்கள் எவை என்று ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் பாதிக் கழனியாவது மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுச் சண்டைகளைச் சொல்லி உங்களுக்குப் பயன் இல்லை, காகிதத்தைச் சொல்கிறேன்.

பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. அவர் போய் முப்பது வருடம் ஆகியும் யாரும் மாற்றவில்லை. மூன்று பிள்ளைகளும் வரப்பு போட்டு ஆளுக்கொரு துண்டு உழுதார்கள், தீர்வை கட்டினார்கள், கிணற்றில் முறை வைத்து இறைத்தார்கள். ஊர்க் கண்ணுக்கு அது பாகம் பிரிந்த நிலம். பத்திரத்தின் கண்ணுக்கு அது ஒரே நிலம். இரண்டு அத்தைகளையும் சேர்த்து ஐந்து பேருக்கும் அதன் ஒவ்வொரு அடியிலும் ஐந்தில் ஒரு பங்கு. வாய்மொழிப் பாகம் செல்லவே செல்லாது என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும். அதுவும் மகள்களுக்குப் பங்கு விடாமல் வாய்மொழியாகப் பிரித்திருந்தால் நீதிமன்றம் அதை எளிதில் ஏற்காது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு, அதற்கான சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் முடிந்திருந்தால் அதைத் தொட மாட்டார்கள். ஆகவே “கல்யாணம் கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு” என்ற பேச்சை நம்பி அத்தைமார்களின் கையெழுத்து இல்லாமல் எதையும் முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். நாங்கள் நினைத்தோம். ஓட்டை அங்கேதான் விழுந்தது. அத்தைமார்கள் மீது எனக்கு இன்று கோபம் இல்லை. அவர்கள் பங்கு அவர்களுடையது, அதை முறையாக முதலில் கொடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

செய்ய வேண்டியதன் வரிசையைச் சொல்கிறேன். முதலில் இறந்தவர்களின் இறப்புச் சான்று, அதன்பின் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றில் இறந்துபோன பிள்ளையின் மனைவி மக்கள் பெயர் விடுபட்டால் பின்னால் எழுதும் பத்திரம் அத்தனையும் ஆட்டம் காணும். அடுத்து நிலத்தின் காகிதம்: யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டா, சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் ‘அ’ பதிவேட்டு நகல், எஃப்.எம்.பி. என்கிற புலப்படம், யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் அடங்கல். முதல் மூன்றும் இணையத்தில் கிடைக்கும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். எங்கள் 4 ஏக்கர் 20 சென்ட், பட்டாவில் 1.70.0, அதாவது 1 ஹெக்டேர் 70 ஏர், என்று இருந்தது. பழைய பத்திரத்தில் ஏக்கர் சென்ட் கணக்கில் இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். நில அளவையின்போது பரப்பு குறைந்தது, பெயர் மாறியது, உட்பிரிவு இடம் மாறியது என்று வந்த பிழைகள் பல ஊர்களில் இன்னும் திருத்தப்படாமலே கிடக்கின்றன. பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் புதிய எண் என்றால் இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவேட்டு நகலையும் தாலுகா அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

பிறகு வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி.: நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. உட்பிரிவு எண்ணோடு ஒரு தடவையும் உட்பிரிவு இல்லாமல் ஒரு தடவையும், பழைய எண்ணில் ஒரு தடவையும் தேடுங்கள். எங்கள் நிலத்தின் மீது போடப்பட்ட முதல் விற்பனை அக்ரிமென்ட் ஈ.சி.யில் ஏறி பதினோரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால், கையில் பணமும் பேச நேரமும் இருந்த காலத்திலேயே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் கையில் வந்ததும் பாகப்பிரிவினைப் பத்திரம். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் கணக்கைப் பாருங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் ஒவ்வொரு பங்குக்கும் மதிப்பில் 1 விழுக்காடு முத்திரைத் தீர்வை, அதற்கு 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, உச்சவரம்பு 10,000. நிலம் கோடி பெறுமானாலும் ஒரு பங்குக்கு 50,000-ஐத் தாண்டாது. ஐந்து பங்குக்கு இரண்டரை லட்சம். நாங்கள் கோர்ட்டுக்குக் கொட்டியதில் பாதிகூட இல்லை. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே எழுதுவது எல்லா வகையிலும் சுலபம். ஒருவர் போனால் அந்த ஒரு கையெழுத்து நான்காகும், அதில் ஒன்று துபாயில் இருக்கும், ஒன்று மைனராக இருக்கும்.

பத்திரத்தோடு வேலை முடியவில்லை. ஒவ்வொருவர் பங்கையும் எஃப்.எம்.பி.யில் உட்பிரிவு செய்து, கல் நட்டு, தனிப் பட்டா வாங்கினால்தான் பாகம் நிலத்தில் இறங்கியதாகும். பத்திரத்திலேயே எழுத வேண்டிய மூன்றை மறக்காதீர்கள்: கடைசித் துண்டு வரை போகிற வண்டிப்பாதை இத்தனை அடி அகலம், இன்ன வரப்பை ஒட்டி; வாய்க்கால் எந்தத் துண்டு வழியாக எந்தத் துண்டுக்குப் பாய்கிறது, வடிகால் எங்கே; கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, பம்பு செட் மின் இணைப்பு யார் பெயரில், கிணற்றைச் சுற்றி எத்தனை சென்ட் பொது. இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத நிலத்தை வெளியாள் வாங்கினால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்.

புரோக்கர் வரும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உழுகிறவரிடம் முதலில் வர மாட்டார். சிட்டாவையும் ஈ.சி.யையும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிட்டு, வாரிசுகளில் யார் ஊரில் இல்லை, யாருக்குக் கடன், யாருக்கு மகள் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டு அங்கே போவார். அறுவடைக்கு ஒரு மூட்டை நெல்லும் கிடைக்காமல் இருபது வருடம் இருந்த வாரிசுக்கு, “உங்க பங்கு மட்டும் கொடுங்க, மத்தவங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம்” என்கிற வார்த்தை நியாயமாகத்தான் கேட்கும். இதற்கு ஒரு தடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது, கிராமத்தில் யாரும் சொல்வதில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்கு வந்திருந்தால், அவர்களில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனையும்போது மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் விலையை நிர்ணயிக்கும். ஆனால் “எனக்கு முன்னுரிமை உண்டு” என்று வாயால் சொன்னால் எடுபடாது. விற்பனைப் பேச்சு காதில் விழுந்த அந்த வாரமே வக்கீல் நோட்டீஸ், பங்குதாரருக்கும் வாங்க வருகிறவருக்கும் இருவருக்கும், ஒப்புதல் அட்டையோடு. பணம் தயார் என்பதைக் காட்ட வேண்டும். நிலம் வைத்திருக்கிற பங்காளிகள் சேர்ந்து ஒரு கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைத்தால், அவசரத்தில் இருக்கிற அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ அட்வான்ஸாவது கொடுத்து நிறுத்தலாம். எங்களிடம் நோட்டீஸும் இல்லை, பணமும் இல்லை.

அக்ரிமென்ட் என்கிற விற்பனை ஒப்பந்தம், நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் என்ற இரண்டு காகிதத்தையும் விற்பனையைவிட இலேசானவை என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தமும் அசையாச் சொத்துக்கான பவரும் கட்டாயம் பதிவாக வேண்டும். பதிவான ஒப்பந்தம் ஈ.சி.யில் ஏறிவிட்டால் வேறு எவரும் அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதினோரு மாதக் கெடு என்று எழுதி, சின்னத் தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து, கெடு முடிந்ததும் இன்னும் சின்னத் தொகையோடு நீட்டிப்பார்கள். விலை மட்டும் பழைய விலை. 2018 அக்டோபர் முதல் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்கும் வழக்கில் நீதிமன்றத்தின் விருப்புரிமை பெரிதும் குறைந்துவிட்டது. வாங்குபவர் தன் பக்கத்தைச் சரியாகச் செய்திருந்தால், விலை இரட்டிப்பாகிவிட்டது என்ற காரணம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே கெடு, கெடு தவறினால் ஒப்பந்தம் தானே முடியும் என்ற வரி, அட்வான்ஸ் என்னாகும், ரத்துப் பத்திரத்துக்கு அவர் வந்து கையெழுத்துப் போடுவார் என்ற உறுதி, இத்தனையும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பவரும் அப்படித்தான். சாதாரணப் பவரை ரத்து செய்யலாம், கொடுத்தவர் இறந்தால் அது முடிந்துவிடும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு, அந்தச் சொத்திலேயே முகவருக்கு உரிமை ஏற்படும்படி எழுதிய பவரை இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. ஒப்பந்தச் சட்டம் 202-ஆம் பிரிவு அதற்குத் தடை. “பவர் எழுதிக் கொடுங்க, அப்ரூவலுக்கு அலைய வசதியா இருக்கும்” என்று கேட்டால், அப்ரூவலுக்கு மனு போடுவதற்கு மட்டும் என்று சிறப்பு அதிகாரப் பத்திரம் கொடுங்கள். விற்க, அடமானம் வைக்க, பணம் பெற என்ற மூன்று சொல்லும் அதில் இருக்கக் கூடாது. வரைவைக் கையில் எடுத்து இந்த மூன்று சொல்லையும் விரல் வைத்துத் தேடுங்கள்.

இனி, ஒரு பங்கு விற்றே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரிபடாத பங்கை விற்பது சட்டப்படி செல்லும். வாங்கியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு கேட்கும் உரிமைதான் வருகிறது, ரோட்டோரத் துண்டு வருவதில்லை. எங்கள் விஷயத்தில் நடந்ததை இன்றும் நினைத்தால் வயிறு எரியும். முதல் கிரயப் பத்திரத்தில் “4 ஏக்கர் 20 சென்டில் பிரிபடாத 84 சென்ட்” என்றுதான் இருந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு பிழைத்திருத்தல் பத்திரம். அதில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், புதிதாக முளைத்திருந்தது: கிழக்கே பஞ்சாயத்து ரோடு, வடக்கே வண்டிப்பாதை, மேற்கே இந்தச் சர்வே எண்ணில் மீதி நிலம். ஒரே பக்கத் திருத்தத்தில் பிரிபடாத பங்கு ரோட்டு முகப்பாக மாறிவிட்டது. பின்னால் இருந்த 3 ஏக்கர் 36 சென்டுக்கு ரோடே இல்லாமல் போனது. சார்பதிவாளர் இதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பதிவு அலுவலகம் விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கிற இடம் இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோதும் இதையே உறுதிப்படுத்தியது. பட்டாவும் உரிமைப் பத்திரம் ஆகாது. ஆகவே ஈ.சி.யில் பிழைத்திருத்தல் என்ற சொல்லைப் பார்த்தால் அன்றே நகல் போட்டு, செக்குபந்தியை முதல் பத்திரத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

ஜே.சி.பி. வந்து நிற்கிற முதல் மூன்று நாள் முக்கியம். அவர்கள் நட்ட கல்லைப் பிடுங்காதீர்கள், கம்பி வேலியை அறுக்காதீர்கள். அதைச் செய்த மறுகணம் நீங்கள் குற்றவாளி, அவர் புகார்தாரர். தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள், நிற்கிற பயிரோடு சேர்த்து. காவல் நிலையத்தில் “இது சிவில் விவகாரம்” என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள். அடங்கல் நகல் கையில் இருக்க வேண்டும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஒவ்வொரு பசலிக்கும் யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதுவது அதில்தான். அனுபவத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பல வருடம் அடங்கலில் பெயரையே பார்க்காமல் விட்டவர்கள் நாங்கள்.

வழக்கு என்றால் பாகப்பிரிவினை வழக்கு, கூடவே நிலத்தின் தன்மையை மாற்றக் கூடாது, மூன்றாம் நபருக்கு விற்கக் கூடாது என்ற இடைக்காலத் தடை மனு, கூடவே நிலத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைச் சர்வேயரோடு அனுப்பச் சொல்லும் மனு. மூன்றும் ஒரே நாளில் போக வேண்டும். மண் கொட்டி மேடாக்கிய பின் கமிஷனர் வந்தால் அவர் அறிக்கையில் கழனி இருக்காது, காலி மனை இருக்கும். எங்கள் கமிஷனர் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தார். கோர்ட் கட்டணத்தைப் பொறுத்தவரை, கூட்டு அனுபவத்தில் இருந்துகொண்டே பாகம் கேட்டால் நிலையான சிறு தொகை. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பின் கேட்டால் பங்கின் மதிப்பை வைத்து, 2017-க்குப் பின் 3 விழுக்காடு. சீக்கிரம் போவது அந்த வகையிலும் மிச்சம். எதிர்த்தரப்பு உங்களைக் கேட்காமல் தடை வாங்கிவிடும் என்று தோன்றினால் கேவியட் என்கிற முன்னெச்சரிக்கை மனுவைப் போடுங்கள், 90 நாள் செல்லும். முதல்நிலைத் தீர்ப்பு யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். எந்த மூலை யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பில்தான் வரும், அதற்குத் தனி மனு போட வேண்டும். முதல் தீர்ப்பு வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. காலக்கெடுவும் உண்டு: ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதானால் விவரம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடம், கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர் பங்கு கேட்பதானால் விலக்கப்பட்டது தெரிந்ததிலிருந்து பன்னிரண்டு வருடம்.

கோர்ட்டைவிட வேகமாக வேலை செய்கிற ஒரு வழி உண்டு. அதை நாங்கள் மூன்றாம் வருடத்தில்தான் கண்டுகொண்டோம். லே-அவுட் போடுகிறவருக்கு இன்று அப்ரூவல் இல்லாமல் விற்பது கடினம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்குத் தடை போட்டது. அதன்பின் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான். இப்போது புதிய மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ தரும் அனுமதி வேண்டும், 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு வேண்டும், நன்செயானால் வேளாண் துறையின் கருத்து வேண்டும், ஏரி வாய்க்கால் பக்கமானால் நீர்வளத் துறையின் தடையின்மை வேண்டும். இந்த ஒவ்வொரு மேசைக்கும் வழக்கு எண், பழைய பத்திர நகல், எஃப்.எம்.பி., வாய்க்காலைச் சிவப்பு மையில் குறித்த படம் இவற்றோடு ஆட்சேப மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுமதி கிடைக்கும் முன்பே அனுப்ப வேண்டும்; கிடைத்த பின் அனுப்பினால் மேல்முறையீடு, ரிட் என்று நீளும். மனைக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் சட்ட ஆலோசகர் கண்ணில் வழக்கு எண் பட்டால் அதுவே பாதித் தடை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவரையும் தீர்ப்பு கட்டும் என்பதால் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். தாலுகா அலுவலகத்தில் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கும்போது பட்டாத் திருத்த மனுவையும் வாய்க்கால் அடைப்பு மனுவையும் கொடுங்கள், அங்கே கொடுத்த மனுவுக்கு எண் விழும்.

நிலத்தை விட்டுவிட வைத்தது கோர்ட் தாமதம் இல்லை, தண்ணீர். ரோட்டோர 84 சென்டில் மூன்றடிக்குக் கிராவல் கொட்டி உயர்த்தினார்கள். அதன் குறுக்கே போன பாசன வாய்க்காலை எடுத்துவிட்டு ஓரடி விட்டத்துக்கு ஒரு சிமெண்டுக் குழாயைப் புதைத்து, “தண்ணி போகுதுல்ல” என்றார்கள். முதல் ஐப்பசி மழையிலேயே குழாய் வாயில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டது. மேல்பக்கம் நாற்று ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்து அழுகியது, கீழ்ப்பக்கம் மதகுத் தண்ணீர் வந்து சேரவே இல்லை. ஒரு போகம் போனால் ஏக்கருக்கு உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம் எல்லாம் போச்சு. கதிர் அறுக்கும் மெஷின் வர பாதை இல்லை, ஆளை வைத்து அறுத்துத் தலைச்சுமையாகக் கட்டு தூக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் இப்படிப் போனதும் மிச்சம் இருந்த பங்காளிகளே “வித்துடலாம்” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் பயன்படுத்திய பாதைக்கும் வாய்க்காலுக்கும் வசதியுரிமை உண்டு, ஒரே நிலத்தைப் பிரிக்கும்போது உள்துண்டுக்குத் தேவை கருதிய வழியுரிமையும் உண்டு. ஆனால் மண் கொட்டும் முன்னால் வாய்க்காலின் அகலமும் ஆழமும் அளந்து, டேப்பை வைத்துப் படம் எடுத்து வைக்காததால், அங்கே என்ன இருந்தது என்று நிரூபிக்கவே ஒரு வருடம் போனது. நீங்கள் இன்றைக்கே போய் எடுத்து வையுங்கள். எஃப்.எம்.பி.யில் வாய்க்கால் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லாத கோட்டை அப்போது போய்ச் சேர்க்க முடியாது.

விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் கணக்கு தெரிந்து விற்றுவிடுங்கள். அவர்கள் உங்களிடம் சென்ட் கணக்கில் பேசுவார்கள், வெளியே சதுர அடி கணக்கில் விற்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏக்கர் 43,560. மனைப்பிரிவில் சாலைக்கும், 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கும் போக, ஏக்கருக்கு சுமார் 25,000 முதல் 27,000 சதுர அடி விற்பனைக்கு நிற்கும். உதாரணத்துக்கு, பக்கத்தில் மனை சதுர அடி 1,000 ரூபாய் என்றால் ஏக்கருக்கு இரண்டரைக் கோடி. ரோடு போட, மின்கம்பம் நட, அனுமதிக் கட்டணம், விளம்பரம், வட்டி, அவர் லாபம் எல்லாம் கழித்து உங்களுக்கு என்ன வர வேண்டும் என்று நீங்களே எழுதிப் பார்த்துவிட்டுப் பேச்சுக்கு உட்காருங்கள். எல்லாப் பங்குதாரரும் ஒரே நாளில், ஒரே விலைக்கு, ஒரே பத்திரத்தில் என்று நின்றால் கிடைக்கிற விலைக்கும், தனித்தனியாகப் போனால் கிடைக்கிற விலைக்கும் எங்கள் ஊரில் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். ரோட்டு முகப்பு யார் துண்டில் இருந்தாலும் அதன் பலன் எல்லாருக்கும் என்று முதலில் உங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டாக மேம்படுத்தலாம், மனையில் பங்கு தருகிறோம் என்றால் பங்கை விற்பனைக்குரிய சதுர அடியில் எழுதுங்கள், ஏக்கரில் எழுதாதீர்கள். எந்த மனை எண்கள் யாருக்கு என்று வரைபடத்தை இணைக்க வேண்டும். மூலப் பத்திரத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். அதை வைத்துக் கடன் வாங்கி அவர் கட்டத் தவறினால் வங்கி உங்கள் நிலத்துக்குத்தான் வரும். ரெரா சட்டத்தில் மனை போடுகிறவரும் விற்கிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தாலும் இருவருமே பொறுப்பு என்பதால், ரோடு போடாமல் ஓடிப்போனால் மனை வாங்கியவர்கள் உங்கள் மீதும் புகார் கொடுக்கலாம்.

வரி விஷயத்தில் ஒரு பெரிய இழப்பு ஓசையில்லாமல் நடக்கும். கிராமப்புற விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து நேர்க்கோட்டுத் தூரம் பார்ப்பார்கள்: மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. இந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தும், உங்கள் பெயரிலேயே நில வகையை மாற்றி மனையாக்கிய பின் விற்றால் அந்தச் சலுகை போய்விடும். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு. வகை மாற்றத்தை வாங்கியவர் தன் பெயரில் செய்துகொள்ளட்டும். தூரத்துக்கு உள்ளே இருந்தால், கடைசி இரண்டு வருடம் பயிர் வைத்ததற்கு அடங்கல் இருந்து, இரண்டு வருடத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் விலக்குக் கேட்கலாம். அரசு வழிகாட்டி மதிப்பைக் காட்டி, “கைட்லைனுக்குப் பத்திரம், மீதி கையில்” என்று சொல்வார்கள். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும், அதுவும் வாங்கிய உங்களுக்குத்தான். அந்தக் கறுப்புப் பணத்தை வங்கியில் போடவும் முடியாமல், மாற்று நிலம் வாங்கவும் முடியாமல் வீட்டில் வைத்து, பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்ட முடியாமல் பேச்சு அறுந்துபோன குடும்பம் எங்கள் தெருவிலேயே இரண்டு.

ஏரிக்கு மேல்பக்கம் ஒரு கொல்லை மட்டும் எங்களுக்கு மிச்சம், 38 சென்ட் புன்செய். நான்கு புளியமரம், வேர்க்கடலை போடலாம். போன தை மாதம் அத்தைமார்கள் இருவரையும் அழைத்து வந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். உட்பிரிவு ஆகிப் பட்டா ஐந்தாக வந்துவிட்டது. பாதை பன்னிரண்டு அடி, தெற்கு வரப்பை ஒட்டி என்று பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. சர்வேயர் நட்ட கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே சிவப்புக் காவி வைத்து எண் எழுதியிருக்கிறோம். மழைக்குக் கரைந்தால் மறுபடி அடிக்க வேண்டும்.